3 வருஷ ஒப்பந்தம், 7 மாசத்தில் வேலை காலி: ஃபுட்பால் கோச்களின் நாற்காலி ஏன் ஆடிக்கொண்டே இருக்கிறது? எளிய விளக்கம்

ஏம்பலத்தில் சாயங்காலம் டீக்கடையில் உட்கார்ந்து மொபைலைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். ஒரு நோட்டிபிகேஷன் வருகிறது: "பரஸ்பர சம்மதத்துடன் கிளப்பும் தலைமைப் பயிற்சியாளரும் பிரிகிறார்கள்." பக்கத்தில் இருக்கிற தம்பி கேட்கிறான்: "அண்ணே, போன வருஷம்தானே இவருக்கு 3 வருஷ ஒப்பந்தம் போட்டாங்க? அப்போ அது எதுக்கு?"

நியாயமான கேள்வி. ஒப்பந்த வேலை என்றால் என்ன என்பது நம் பக்கத்து மக்களுக்குத் தெரியாத விஷயம் இல்லை. கம்பெனியிலோ அலுவலகத்திலோ "கான்ட்ராக்ட்" என்றாலே, எப்போது வேண்டுமானாலும் "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்று சொல்லிவிடலாம் என்பதுதான் நம் அனுபவம். ஆனால் கோடிகளில் புரளும் ஃபுட்பாலிலும் இதே கதைதானா? அங்கே ஒப்பந்தம் யாரைக் காப்பாற்றுகிறது? கிளப்பும் கோச்சும் பேசும் "விசுவாசம்" என்ற வார்த்தைக்கு என்ன மதிப்பு?

முக்கிய அம்சங்கள்:

• ஒப்பந்தம் கோச்சின் நாற்காலியைக் காப்பாற்றாது. நாற்காலி போகும்போது அவருக்கு வரவேண்டிய பணத்தைத்தான் காப்பாற்றும்.
• கோச்சை மாற்றினால் அணி உடனே மாறிவிடும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. சென்னையின் எஃப்.சி.யின் 3 சீசன்களே இதற்கு உதாரணம்.
• வெளிநாட்டுக் கோச்சுக்கு ஃபிஃபா வரை போக வழி இருக்கிறது. உள்ளூர் கோச்சுக்கு அந்த வழி சுலபமாக இல்லை.
• விசுவாசம் இரண்டு பக்கமும் உடைகிறது. கிளப் மட்டும் குற்றவாளி இல்லை.

முதலில், மேனேஜரும் கோச்சும் ஒன்றா?

இங்கிலாந்தில் பழைய காலத்தில் "மேனேஜர்" என்றால் எல்லாமே அவர்தான். யாரை வாங்குவது, யாரை விற்பது, சின்னப் பசங்களில் யாரை மேலே கொண்டுவருவது, சனிக்கிழமை யார் ஆடுவது என்று எல்லாவற்றையும் அவரே முடிவு செய்வார். இப்போது பெரும்பாலான கிளப்களில் அந்த அதிகாரம் பிரிந்துவிட்டது. வீரர்களை வாங்க ஸ்போர்ட்டிங் டைரக்டர், கணக்குப் பார்க்க சி.இ.ஓ., மைதானத்தில் ஆடவைக்க "ஹெட் கோச்".

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அதிகாரம் குறைந்தது, பழி குறையவில்லை. சரியான ஸ்ட்ரைக்கரை வாங்காதது வேறு ஒருவர் என்றாலும், கோல் விழவில்லை என்றால் கேள்வி கோச்சிடம்தான் வரும்.

சென்னையின் எஃப்.சி. கதை: 3 கோச், 3 சீசன், ஒரே இடம்

புதுச்சேரிக்கு என்று இந்தியன் சூப்பர் லீக்கில் (ஐ.எஸ்.எல்.) அணி கிடையாது. ஏம்பலம், பாகூர், வில்லியனூர் பக்கத்து ரசிகர்களுக்குக் கிட்டத்தில் இருப்பது சென்னையின் எஃப்.சி.தான். அதனால் அந்த அணியின் கதையிலிருந்தே தொடங்கலாம்.

2014இல் தொடங்கிய இந்த அணிக்கு முதல் கோச், இத்தாலியின் உலகக் கோப்பை வீரர் மார்கோ மாட்டராஸி. 2015இல் கோப்பை வந்தது. அடுத்து வந்த ஜான் கிரிகோரி 2017-18 சீசனில் பெங்களூருவை அதன் சொந்த ஊரிலேயே இறுதிப் போட்டியில் 3-2 என்று வீழ்த்தி இரண்டாவது கோப்பையைக் கொடுத்தார்.

அதற்கு அடுத்த சீசன்? 18 ஆட்டங்களில் 2 வெற்றி. மொத்தம் 9 புள்ளி. பட்டியலில் கடைசி இடம். சாம்பியன் ஒரே வருடத்தில் கடைசிக்குப் போனது.

அப்படியும் கிளப் கிரிகோரியை அனுப்பவில்லை. அடுத்த சீசனுக்கும் அவரையே வைத்துக்கொண்டது. ஆனால் 2019-20 சீசனில் முதல் 6 ஆட்டங்களில் ஒரே ஒரு வெற்றிதான் கிடைத்தது. நவம்பர் கடைசியில் அவர் வெளியேறினார். டிசம்பரில் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஓவன் காய்ல் வந்தார். அதே வீரர்களை வைத்துக்கொண்டு அணியை இறுதிப் போட்டி வரை கொண்டுபோனார். 2020 மார்ச்சில், கொரோனா காரணமாக ரசிகர்களே இல்லாத மைதானத்தில், ஏ.டி.கே. அணியிடம் 1-3 என்று தோற்றார்கள்.

"பார்த்தீங்களா, கோச்சை மாத்தினதும் எப்படி மாறிச்சு!" என்று தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். அடுத்த 3 சீசன்களையும் பார்த்துவிடலாம்.

• 2020-21: கோச் சாபா லாஸ்லோ. 11 அணிகளில் 8ஆவது இடம்.
• 2021-22: கோச் போஜிதார் பாண்டோவிச். கோவாவிடம் 0-5 என்று தோற்றதும் 2022 பிப்ரவரியில் நீக்கம். மீதி ஆட்டங்களுக்கு உதவிப் பயிற்சியாளர் சையது சாபிர் பாஷா பொறுப்பு. முடிவில் 8ஆவது இடம்.
• 2022-23: கோச் தாமஸ் பிரதாரிச். மறுபடியும் 8ஆவது இடம்.

ஹங்கேரி வழியில் வந்த ஒருவர், மாண்டினீக்ரோக்காரர் ஒருவர், ஜெர்மனிக்காரர் ஒருவர். மூன்று பேரின் பாணியும் வேறு, ஆட்டத் திட்டமும் வேறு. வந்து நின்ற இடம் மட்டும் ஒன்றே. 2023இல் மறுபடி காய்ல் வந்தார். முதல் சீசனில் 6ஆவது இடம், பிளே-ஆஃப். அடுத்த சீசனில் 13 அணிகளில் 11ஆவது இடம். 2025 ஜூலையில் அவரும் கிளம்பினார்.

அதே காய்ல்தான், அதே கிளப்தான். ஒருமுறை இறுதிப் போட்டி, ஒருமுறை 11ஆவது இடம். ஒரு அணியின் தலையெழுத்தைக் கோச் ஒருவரே எழுதுகிறார் என்றால் இந்தக் கணக்கு இடிக்கிறது இல்லையா?

நல்லா ஆடினாலும் வேலை போகுமா? போகும்

தோற்றால் அனுப்புவது ஒரு பக்கம். மேல் இடத்தில் இருக்கும்போதே அனுப்பிய கதையும் ஐ.எஸ்.எல்.லில் உண்டு.

2020 ஜனவரி 31. எஃப்.சி. கோவா அணி லீக் ஷீல்டுக்கான போட்டியில் முன்னணியில் நிற்கிறது. மிச்சம் இருப்பது மூன்றே லீக் ஆட்டங்கள். அந்த நேரத்தில் கோச் செர்ஜியோ லோபெராவை கிளப் நீக்கியது. பொறுப்பு கோவாவின் முன்னாள் வீரர் கிளிஃபோர்ட் மிராண்டாவிடம் வந்தது. மூன்று ஆட்டங்களிலும் வெற்றி. மொத்தம் 14 கோல். ஷீல்டை வென்று, ஆசிய சாம்பியன்ஸ் லீக் குரூப் சுற்றுக்குத் தகுதி பெற்ற முதல் இந்திய கிளப் என்ற பெருமையையும் கோவா பெற்றது.

அந்த ஷீல்டு யாருடையது? மூன்று ஆட்டம் நடத்திய மிராண்டாவுடையதா, 15 ஆட்டம் நடத்தி அணியை அங்கே நிறுத்திய லோபெராவுடையதா? ரசிகர்களிடம் கேட்டால் இன்றும் சண்டைதான் வரும்.

இதில் இரண்டு சுவாரஸ்யங்கள் உண்டு. அந்த சீசனின் அரையிறுதியில் கோவாவும் சென்னையினும் மோதின. இரண்டுமே நடு சீசனில் கோச்சை மாற்றிய அணிகள். இரண்டு ஆட்டங்களின் மொத்தக் கணக்கில் 6-5 என்று சென்னையின் ஜெயித்தது. நீக்கப்பட்ட லோபெரா அடுத்த சீசனில் மும்பை சிட்டி அணிக்குப் போய், ஷீல்டு, கோப்பை இரண்டையும் வென்றார். 2025இல் காய்லுக்குப் பிறகு சென்னையின் கோச்சாக வந்தவர் யார் தெரியுமா? அதே கிளிஃபோர்ட் மிராண்டாதான்.

வெளிநாட்டிலும் இதே நிலைதான். 2016இல் யாரும் எதிர்பார்க்காத லெஸ்டர் சிட்டியை இங்கிலாந்தின் சாம்பியன் ஆக்கினார் கிளாடியோ ரானியேரி. 9 மாதத்தில், 2017 பிப்ரவரியில், அவரை நீக்கினார்கள். 2025 மே 21இல் டாட்டன்ஹாம் அணிக்கு யூரோப்பா லீக் கோப்பையை வென்று கொடுத்தார் ஆங்கே போஸ்டெகோக்லு. 17 வருடமாகக் கோப்பையே பார்க்காத கிளப் அது. ஆனால் உள்ளூர் லீக்கில் 17ஆவது இடம். ஜூன் 6இல் வேலை போய்விட்டது. கோப்பை ஊர்வலத்தின் பட்டாசுச் சத்தம் அடங்குவதற்குள் என்றே சொல்லலாம்.

தலைப்பில் சொன்ன அந்த "7 மாசம்"? ஃபுட்பால் வட்டாரத்தில் எல்லோரும் சொல்லும் உதாரணம் கிரஹாம் பாட்டர். 2022 செப்டம்பரில் செல்சி கிளப், பிரைட்டனுக்கு 2 கோடி பவுண்டுக்கும் மேல் கொடுத்து அவரை அழைத்து வந்தது. ஒப்பந்தம் 3 வருடம்கூட இல்லை, 5 வருடம்! 2023 ஏப்ரல் 2இல், 7 மாதம்கூட முழுதாக முடியாத நிலையில், நீக்கம்.

அப்போ ஒப்பந்தம் எதுக்கு?

இங்கேதான் விஷயம் இருக்கிறது. 5 வருட ஒப்பந்தம் என்றால் 5 வருடம் வேலை நிச்சயம் என்று அர்த்தமில்லை. நடுவில் அனுப்பினால் மீதிக் காலத்துக்கு கிளப் கணக்குத் தீர்க்க வேண்டும் என்றுதான் அர்த்தம்.

இந்திய அணியின் கதையைப் பார்த்தால் இது தெளிவாகப் புரியும். குரோஷியாவைச் சேர்ந்த இகோர் ஸ்டிமாச் 2019 மே மாதம் இந்திய அணியின் கோச் ஆனார். 2023இல் தெற்காசிய (சாஃப்) கோப்பை உட்படச் சில வெற்றிகள் வந்தன. அந்த அக்டோபரில் அவருடைய ஒப்பந்தம் 2026 வரை நீட்டிக்கப்பட்டது. 2024 மார்ச்சில் குவாஹாட்டியில் ஆப்கானிஸ்தானிடம் 1-2 தோல்வி. ஜூனில் கத்தாரிடம் 1-2 தோல்வி. பந்து கோட்டைத் தாண்டிய பிறகு அடித்ததாக இந்தியா எதிர்ப்புத் தெரிவித்த கோலும் அதில் ஒன்று. உலகக் கோப்பை தகுதிச் சுற்றிலிருந்து இந்தியா வெளியேறியது. ஜூன் 17இல் ஸ்டிமாச் நீக்கப்பட்டார்.

ஒப்பந்தம் இன்னும் சுமார் 2 வருடம் மிச்சம். ஸ்டிமாச் ஃபிஃபாவுக்குப் போவேன் என்றார். கடைசியில் அகில இந்திய கால்பந்து சம்மேளனம் 4 லட்சம் டாலர், நம் பணத்தில் சுமார் 3.36 கோடி ரூபாய், கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. ஒப்பந்தம் அவருக்குக் கோச் நாற்காலியைத் திரும்பத் தரவில்லை. ஆனால் வெறுங்கையோடும் அனுப்பவில்லை.

விதி என்ன சொல்கிறது?

2021 ஜனவரி முதல் கோச்களுக்கு என்றே ஃபிஃபா தனி விதிகள் கொண்டுவந்திருக்கிறது. அதற்கு முன்பு வீரர்களுக்கு இருந்த பாதுகாப்பு கோச்களுக்கு இந்த அளவுக்குத் தெளிவாக இல்லை. முக்கியமான விஷயங்கள் இவை:

• நியாயமான காரணம் இல்லாமல் நடுவில் நீக்கினால் நஷ்டஈடு தர வேண்டும்.
• நஷ்டஈட்டுக் கணக்கு எப்படி? ஒப்பந்தத்தில் தனியாக ஏதும் எழுதவில்லை என்றால், மீதிக் காலத்துச் சம்பளம்தான் அடிப்படை. அந்தக் காலத்துக்குள் கோச் வேறு வேலையில் சேர்ந்தால், அந்தச் சம்பளம் கழிக்கப்படும்.
• குறைந்தது 2 மாதச் சம்பளம் பாக்கி என்றால், எழுத்துப்பூர்வமாக 15 நாள் அவகாசம் கொடுத்துவிட்டு, கோச்சே ஒப்பந்தத்தை முறிக்கலாம். தப்பு கிளப் மேல்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாதம் 5 லட்சம் சம்பளம், இன்னும் 24 மாதம் பாக்கி என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 1.2 கோடி. 4 மாதம் கழித்து அவர் வேறு கிளப்பில் 3 லட்சம் சம்பளத்தில் சேர்ந்து, மீதி 20 மாதம் வேலை பார்த்தால் 60 லட்சம் வருகிறது. அதைக் கழித்து மீதி 60 லட்சம் பழைய கிளப் தர வேண்டும்.

"தொடர்ந்து தோத்தாரு, அதான் நீக்கினோம்" என்று கிளப் சொன்னால்? தோல்வி மட்டுமே நியாயமான காரணம் ஆகாது என்பதுதான் சுவிட்சர்லாந்தில் உள்ள விளையாட்டு நடுவர் மன்றம் பல வழக்குகளில் எடுத்த நிலை. அதனால்தான் கிளப்கள் நீதிமன்றப் படி ஏறாமல் பேசி முடிக்கப் பார்க்கின்றன. செய்தியில் வரும் "பரஸ்பர சம்மதத்துடன் பிரிவு" என்ற வார்த்தைக்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது இந்தப் பேரம்தான். கோச் தானாகவே விலகிய சமயங்களும் உண்டு. ஆனால் அறிக்கையின் வாசகம் இரண்டுக்கும் ஒன்றாகவே இருக்கும்.

ஏன் எப்பவும் கோச் தலைதான் உருளுது?

காரணம் எளிது. அணியில் 25, 30 வீரர்கள். அவர்களை நினைத்த நேரத்தில் மாற்ற முடியாது. வருடத்துக்கு இரண்டு முறைதான் டிரான்ஸ்ஃபர் ஜன்னல் திறக்கும். உரிமையாளர் தன்னையே நீக்கிக்கொள்ள மாட்டார். மிச்சம் இருப்பது ஒரே ஆள்.

ஐரோப்பாவில் இன்னொரு பயமும் உண்டு. கீழ்ப் பிரிவுக்கு இறங்கிவிட்டால் டி.வி. பணம் பல கோடி போய்விடும். அந்த நஷ்டத்தோடு ஒப்பிட்டால் கோச்சுக்குத் தரும் நஷ்டஈடு சின்னத் தொகை. ஐ.எஸ்.எல்.லில் இதுவரை அந்தப் பயம் பெரிதாக இருந்ததில்லை. இங்கே அழுத்தம் ரசிகர் கோபத்திலிருந்தும், உரிமையாளரின் அவசரத்திலிருந்தும் வருகிறது.

மாற்றினால் பலன் இருக்கா?

சளி பிடித்தால் நம் வீட்டில் ஒரு கிண்டல் சொல்வார்கள்: மருந்து சாப்பிட்டால் ஒரு வாரத்தில் போகும், சாப்பிடாவிட்டால் ஏழு நாளில் போகும். கோச் மாற்றமும் பல நேரம் இப்படித்தான்.

எந்த அணியும் தன் உண்மையான தரத்தை விட ரொம்ப நாள் மோசமாக ஆடாது. தொடர்ந்து 5 தோல்வி வந்தால், அதில் கொஞ்சம் துரதிர்ஷ்டமும் காயங்களும் சேர்ந்திருக்கும். அது எப்படியும் சரியாகும். ஆனால் கோச்சை நீக்குவது சரியாக அந்தப் பள்ளத்தில் இருக்கும்போதுதான். பிறகு அணி மேலே வந்ததும் புதுக் கோச்சுக்குப் பெயர் கிடைக்கிறது. நெதர்லாந்து லீக்கின் 1986 முதல் 2004 வரையிலான சீசன்களை ஆராய்ந்த பொருளாதார நிபுணர் பாஸ் டெர் வீல் இதைத்தான் கண்டார்: அதேபோன்ற சரிவில் சிக்கி, கோச்சை மாற்றாத அணிகளும் ஏறக்குறைய அதே அளவுக்கு மீண்டிருந்தன.

அதற்காக மாற்றமே கூடாது என்றும் சொல்ல முடியாது. 2019-20இல் காய்ல் வந்த பிறகு சென்னையின் ஆடிய ஆட்டம் வெறும் அதிர்ஷ்டம் என்று எந்த ரசிகரும் ஒப்புக்கொள்ள மாட்டார். வீரர்களுக்கும் கோச்சுக்கும் ஒத்துப்போகவே இல்லை என்றால் மாற்றித்தான் ஆக வேண்டும். ஆனால் வருடா வருடம் மாற்றுவது மருத்துவம் இல்லை, பழக்கம்.

விசுவாசம்: கோச் மட்டும் யோக்கியமா?

"கிளப்புக்கு விசுவாசம் இல்லை" என்பது பாதி உண்மை. மீதிப் பாதிக்கு இந்தக் கதையைப் பாருங்கள்.

2021 டிசம்பரில் ஏ.டி.கே. மோகன் பகான், கோச் அன்டோனியோ லோபெஸ் ஹபாஸை அனுப்பியது. அடுத்த சில நாட்களில், நடு சீசனில், கோவாவின் கோச் யுவான் ஃபெராண்டோவைத் தூக்கியது. எப்படி? அவருடைய ஒப்பந்தத்தில் ஒரு விடுவிப்பு விதி இருந்தது. குறிப்பிட்ட தொகையைக் கட்டினால் அவர் போகலாம். கட்டினார்கள், போனார். கோவா ரசிகர்களுக்குக் கோபம். ஆனால் சட்டப்படி தப்பில்லை.

2023 மார்ச்சில் ஃபெராண்டோ மோகன் பகானுக்கு ஐ.எஸ்.எல். கோப்பையை வென்றார். அதே வருடம் துராந்து கோப்பையும் வந்தது. பிறகு லீக்கில் தொடர்ச்சியாக 3 தோல்வி. 2024 ஜனவரியில் அவரும் வெளியே. அவருக்குப் பதில் வந்தவர், 2021இல் அனுப்பப்பட்ட அதே ஹபாஸ்! அவர் அந்த சீசனிலேயே லீக் ஷீல்டை வென்று கொடுத்தார்.

இதில் யார் யாருக்குத் துரோகம் செய்தார்கள் என்று பஞ்சாயத்து வைத்தால் தீர்ப்பே சொல்ல முடியாது. அனுப்பும் உரிமை கிளப்புக்கு இருக்கும்போது, போகும் உரிமையைக் கோச்சும் எழுதி வாங்கிக்கொள்கிறார். இன்றைய ஃபுட்பாலில் விசுவாசம் என்பது மனதில் இருப்பதல்ல, ஒப்பந்தத்தின் எத்தனையாவது பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதே.

பொறுமையா இருந்தவங்க ஜெயிச்சாங்களா?

சிலர் ஜெயித்தார்கள். 1986 நவம்பரில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு வந்த அலெக்ஸ் ஃபெர்குசன், முதல் கோப்பையைத் தொட்டது 1990இல்தான். லீக் பட்டம் 1993இல். இன்றைய வேகத்தில் அந்த முதல் கோப்பைக்கு முன்பே அவரை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். ஆனால் 2013இல் அவர் ஓய்வு பெறும்போது லீக் பட்டம் மட்டும் 13. அவருக்குப் பின் வந்த டேவிட் மோயஸுக்கு 6 வருட ஒப்பந்தம் கொடுத்தார்கள். 10 மாதத்தில் முடிந்தது.

புதுச்சேரியில் பல குடும்பங்களுக்குப் பிரான்சில் சொந்தம் உண்டு. அவர்களிடம் கேட்டால் கி ரூ என்ற பெயரைச் சொல்வார்கள். பிரான்சின் ஓசேர் என்ற சின்ன ஊர் கிளப்புக்கு 1961இல் பொறுப்பேற்றார். நடுவில் சில இடைவெளிகள் தவிர 2005 வரை அவர்தான். கீழ்நிலை லீக்கில் கிடந்த அணியை 1980இல் முதல் பிரிவுக்கு ஏற்றினார். 1996இல் லீக், கோப்பை இரண்டையும் வென்றார். பெரிய பணம் இல்லாத ஊர், உள்ளூர்ப் பசங்களைப் பயிற்றுவித்துத்தான் அந்த உயரத்துக்குப் போனது. அந்த மாதிரி வேலை ஒரு வருடத்தில் விளையாது. தென்னை வைத்தவன் மறுநாளே இளநீர் கேட்க முடியுமா?

ஆனால் எல்லாப் பொறுமையும் பலன் தருவதில்லை. கிரிகோரியைக் கடைசி இடத்துக்குப் பிறகும் சென்னையின் வைத்துக்கொண்டது; 6 ஆட்டத்தில் அது முடிந்தது. பொறுமைக்கும் கண் வேண்டும். அணி தோற்கிறதா என்று மட்டும் பார்க்கக் கூடாது. இளம் வீரர்கள் வளர்கிறார்களா, ஆட்டத்தில் ஒரு திட்டம் தெரிகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இந்தியக் கோச்சுகளின் நிலை என்ன?

இதுதான் நாம் கவலைப்பட வேண்டிய இடம்.

ஸ்டிமாச்சால் ஃபிஃபாவைக் காட்டிப் பேச முடிந்ததற்குக் காரணம், அது நாடு கடந்த தகராறு. கோச் ஒரு நாட்டுக்காரர், சம்மேளனம் வேறு நாடு. அப்படிப்பட்ட வழக்குகளைத்தான் ஃபிஃபாவின் ஃபுட்பால் தீர்ப்பாயம் எடுக்கிறது. இந்தியக் கோச்சுக்கும் இந்திய கிளப்புக்கும் சம்பளத் தகராறு என்றால் உள்நாட்டு அமைப்புகளைத்தான் நாட வேண்டும். சிறிய கிளப், சின்ன அகாடமி என்று கீழே போகப் போக, எழுத்தில் ஒப்பந்தம் இருக்கிறதா என்பதே கேள்விதான்.

காலித் ஜமீலை எடுத்துக்கொள்ளுங்கள். மும்பை எஃப்.சி. என்ற சின்ன பட்ஜெட் அணியை 2009 முதல் 2016 வரை 7 வருடம் நடத்தினார். இந்திய ஃபுட்பாலில் அது நீண்ட காலம். அங்கிருந்து வெளியேறி மிசோரமின் ஐஸ்வால் அணிக்குப் போனார். முந்தைய சீசனில் கீழே இறங்கும் நிலையில் இருந்த அணி அது. 2017இல் அதையே ஐ-லீக் சாம்பியன் ஆக்கினார். அப்படியும் ஐ.எஸ்.எல்.லில் நிரந்தரத் தலைமைக் கோச் பதவி கிடைக்க 2021 ஆனது. அந்தப் பதவியைப் பெற்ற முதல் இந்தியர் அவர்தான். 2025 ஆகஸ்டில் இந்திய அணியின் பொறுப்பே அவரிடம் வந்தது. அவருக்கு முன் இருந்த மனோலோ மார்க்கெஸ், ஒரு வருடம்கூட முழுதாக முடிக்காமல், போட்டி ஆட்டம் ஒன்றில்கூட வெற்றி பெறாமல் விலகியிருந்தார்.

அதே 2025 இன்னொரு பாடத்தையும் சொன்னது. சம்மேளனத்துக்கும் லீக்கை நடத்தும் நிறுவனத்துக்கும் இடையிலான ஒப்பந்தம் டிசம்பரோடு முடிய இருந்தது. புதுப்பிக்கும் பேச்சு முடியாததால், ஜூலையில் ஐ.எஸ்.எல். சீசனே நிறுத்தி வைக்கப்பட்டது. ஆகஸ்டில் பெங்களூரு எஃப்.சி. முதன்மை அணியின் வீரர்களுக்கும் பயிற்சிக் குழுவினருக்கும் சம்பளத்தை நிறுத்தி வைப்பதாக அறிவித்தது. சென்னையின் எஃப்.சி.யும் செயல்பாடுகளைத் தற்காலிகமாக நிறுத்துவதாகச் சொன்னது. அதாவது, யாரும் தோற்கவில்லை, ஒரு ஆட்டம்கூட நடக்கவில்லை. மேலே இரண்டு அலுவலகங்களுக்கு இடையிலான ஒப்பந்தம் இழுபறியானதால், கீழே எல்லோருடைய ஒப்பந்தமும் ஆடிப்போனது.

தலைமைக் கோச் போனால் செய்தி வரும். அவரோடு சேர்ந்து போகும் ஃபிட்னஸ் டிரெய்னர், கோல்கீப்பர் கோச், பிசியோ ஆகியோருக்குப் பெரும்பாலும் ஒரு வரிகூட வராது.

நம்ம ஊர் பையன் கோச் ஆகணும்னா?

சம்மேளனத்தின் கோச்சிங் லைசென்ஸ்கள் டி, சி, பி, ஏ, புரோ என்று படிப்படியாக ஏறும். ஐ.எஸ்.எல். மாதிரி உயர்மட்ட லீக்கில் தலைமைக் கோச் ஆக புரோ லைசென்ஸ் வரை போக வேண்டும். ஆனால் அகாடமி, பள்ளி, உள்ளூர் கிளப் வேலைகள் கீழ்ப் படியிலேயே தொடங்கிவிடும். அந்த முதல் வேலையில் சேரும்போதே இவற்றைப் பாருங்கள்:

• எழுத்தில் இருக்கிறதா? "வா தம்பி, பார்த்துக்கலாம்" என்பது ஒப்பந்தம் இல்லை. கையெழுத்துப் போட்ட நகல் உங்கள் கையிலும் இருக்க வேண்டும்.
• எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை? சீசன் முடிந்த மாதங்களில் சம்பளம் உண்டா?
• சம்பளம் எந்தத் தேதி, எந்தக் கணக்கில்? பாக்கி விழுந்தால் என்ன செய்யலாம்?
• நடுவில் நிறுத்தினால் எத்தனை நாள் முன்னறிவிப்பு, எத்தனை மாதச் சம்பளம்?
• நீங்களே வேறு இடம் போக வேண்டும் என்றால் என்ன நிபந்தனை?
• தகராறு வந்தால் எங்கே போவது என்று எழுதியிருக்கிறதா?

இவற்றைக் கேட்டால் "என்னப்பா, வர்றதுக்கு முன்னாடியே போறதைப் பத்திப் பேசுற?" என்பார்கள். தயங்க வேண்டாம். கோடிகளில் சம்பாதிக்கும் கோச்சுகளும் அதைத்தான் முதலில் பேசுகிறார்கள்.

சுருக்கமாக...

டீக்கடையில் தம்பி கேட்ட கேள்விக்கு வருவோம். 3 வருட ஒப்பந்தம் எதற்கு? கோச் 3 வருடம் இருப்பார் என்று சொல்வதற்கு இல்லை. அவரை அனுப்ப என்ன விலை என்று முன்கூட்டியே எழுதி வைப்பதற்கு. விலை பெரிதாக இருந்தால் கிளப் ஒருமுறைக்கு இரண்டுமுறை யோசிக்கும். விலையே எழுதப்படவில்லை என்றால் யோசிக்கவே தேவையில்லை.

பெரிய கோச்சுகளுக்கு அந்த விலை எழுதப்பட்டிருக்கிறது. ஸ்டிமாச்சுக்கு 4 லட்சம் டாலர் கிடைத்தது அதனால்தான். வெயிலில் நின்று நம் பிள்ளைகளுக்குப் பந்தை நிறுத்தக் கற்றுத்தரும் கோச்சுக்கும் அது எழுதப்பட வேண்டும். அடுத்த முறை "பரஸ்பர சம்மதம்" என்று நோட்டிபிகேஷன் வந்தால், யார் போனார் என்பதோடு நிறுத்தாமல், என்ன கொடுத்து அனுப்பினார்கள் என்றும் பாருங்கள். பாதிக் கதை அங்கேதான் இருக்கிறது.